வசனம் மாறினால் காட்சி மாறும்: நாடக வகுப்பு எடுக்க வரும் புதியவர்களுக்கு

மொரிஷியஸில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும், கோயில் மாலை வகுப்பில் "விழாவுக்கு ஒரு நாடகம் போட்டுடுங்க" என்று பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நாடகம் என்றதும் நம் ஆட்கள் முதலில் கதையைத் தேடுவார்கள், அப்புறம் உடை, அப்புறம் பின்னணி இசை. வசனத்தை யாரோ ஒருவர் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார், பிள்ளைகள் நெட்டுருப் போட்டு ஒப்பிப்பார்கள், சோகமான இடம் வந்தால் புல்லாங்குழலைப் போட்டுவிட்டால் போதும் என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். பெற்றோர் தங்கள் பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில் கைதட்டுவார்கள். ஆனால் காட்சியின் பயமோ துக்கமோ யார் மனத்திலும் இறங்கியிருக்காது.

இதற்குப் பிள்ளைகளின் நடிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வசனத்திலேயே இல்லாத உணர்வைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை எங்கிருந்து கொண்டுவரும்? பாத்திரம் மேடைக்கு வந்து "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அறிவிப்பதால் காட்சிக்குப் பயம் வந்துவிடாது. பயந்துபோயிருப்பவர் அதைச் சொல்லாமல் வேறு எதைப் பேசுகிறார், எத்தனை சொல்லில் பேசுகிறார், எதிரே இருப்பவரை எப்படிக் கூப்பிடுகிறார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரா மழுப்புகிறாரா, இதிலிருந்துதான் வரும். இதை எவ்வளவு விளக்கினாலும் பிள்ளைகளுக்கு ஏறாது. ஒரு வரியை மாற்றிப் படித்துக் காட்டினால் அந்த நிமிடமே ஏறிவிடும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த ஒரு வேலையைச் செய்வதற்கான வழிகள்தான்.

முதல் வகுப்புக்குப் போகும் முன்

முழு நாடகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு காட்சி போதும். ஓர் இடம், இரண்டு மூன்று பேர், ஒரே ஒரு கவலை. அந்தச் சூழல் பிள்ளைகள் தாங்களே அனுபவித்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் தஞ்சாவூர் வயலையோ மதுரைத் தெருவையோ வைத்து எழுதினால் பாதி நேரம் அந்த ஊரைக் கற்பனை செய்வதிலேயே போய்விடும், வசனத்தைக் காதில் வாங்க மாட்டார்கள்.

நம் தீவில் அதற்குப் புயலைவிடப் பொருத்தமான விஷயம் கிடையாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானிலை அறிவிப்புக்குக் காது கொடுக்காத வீடு இல்லை. எச்சரிக்கையில் நான்கு நிலை உண்டு என்பதும், கிளாஸ் இரண்டு வந்தால் பள்ளிக்கூடம் மூடிவிடும் என்பதும், கிளாஸ் மூன்று என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வருவதற்குள் எல்லாரும் வீட்டுக்குள் அடங்கிவிட வேண்டும் என்பதும், நான்கு என்றால் அந்தக் காற்று வந்தேவிட்டது என்பதும் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இங்கேயே முதல் பாடம் கிடைக்கிறது. "கிளாஸ் ரெண்டு குடுத்துட்டாங்க" என்ற செய்தி பத்து வயதுப் பையனுக்குக் கொண்டாட்டம், தகரக் கூரை வீட்டில் இருக்கும் அவன் பாட்டிக்கு நெஞ்சு படபடப்பு. செய்தி ஒன்றுதான், சொல்கிற வாயும் கேட்கிற காதும் வேறு. "உங்க வீட்டில் இதை யார் எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்டு, நாலைந்து பேரைச் சொல்ல வையுங்கள். அப்பாவைப் போல ஒருவன் சொல்வான், பாட்டியைப் போல ஒருத்தி சொல்வாள், வகுப்பு சிரிக்கும், அதோடு பாதி வேலை முடிந்துவிடும்.

உணர்வுக்குப் பெயர்கள்

"இந்தக் காட்சி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்தான் வரும்: சோகம், சந்தோஷம். அவர்கள் உணர்வது அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தமிழில் சொல்லச் சொற்கள் கையில் இல்லை, அவ்வளவே. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளை ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இளிவரலுக்கும் மருட்கைக்கும் மட்டும் கொஞ்சம் விளக்கம் வேண்டியிருக்கும். நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பது முன்னது, வாயடைத்து வியந்து நிற்பது பின்னது என்றால் போதும்.

பிறகு இரண்டைக் கலக்கச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிள்ளையை அம்மா திட்டுகிறாள், அதில் வெகுளி எவ்வளவு, அச்சம் எவ்வளவு? இந்த மாதிரிக் கலவையில்தான் நல்ல காட்சிகள் பிறக்கின்றன. இன்னொன்றையும் இப்போதே காதில் போட்டுவையுங்கள்: மேடையில் இருப்பவரின் உணர்வும் கீழே உட்கார்ந்திருப்பவரின் உணர்வும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மகன் திரும்பி வரப்போவதில்லை என்று நமக்குத் தெரிந்துவிட்டது, பாட்டிக்கு இன்னும் தெரியாது, அவள் அவனுக்குப் பிடித்த பலகாரத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். அவளுக்கு உவகை, நமக்கு அழுகை.

ஒரே காட்சி, மூன்று விதமான எழுத்து

இந்தப் பகுதிக்கு ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்குங்கள், அவசரப்படுத்தாதீர்கள். கதை இது: புயல் இரவு, அப்பா கடற்கரை ஹோட்டலில் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார், இன்னும் வீடு வந்து சேரவில்லை, போன் எடுக்கவில்லை. வீட்டில் அம்மா, மகன், பாட்டி. முதலில் பிள்ளைகளையே எழுதச் சொன்னால் ஏறக்குறைய இப்படித்தான் வரும்:

அம்மா: ஐயோ, எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. உன் தந்தை இன்னும் வரவில்லையே!
மகன்: ஆம் அம்மா, எனக்கும் பயமாக இருக்கிறது. வெளியே பலத்த காற்று வீசுகிறது.
பாட்டி: கடவுளே! என் மகனைக் காப்பாற்று!

இதைக் கேலி செய்யாமல் கரும்பலகையில் அப்படியே எழுதி, மூன்று பேரை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதன் பக்கத்தில் இதை எழுதுங்கள்:

அம்மா: பின் ஜன்னல் கொக்கி போட்டியா?
மகன்: போட்டுட்டேன்மா.
அம்மா: பக்கத்து ரூம்?
மகன்: அதுவும்தான். கிளாஸ் மூணு குடுத்துட்டாங்க.
அம்மா: சோறு ஆறுது. சாப்பிடு.
மகன்: அப்பா வரட்டும்மா.
அம்மா: சாப்பிடுன்னு சொன்னேன்.
பாட்டி: கரோல் வந்த அன்னைக்கும் இப்படித்தான், உங்க தாத்தா...
அம்மா: அத்தை.
(பாட்டி நிறுத்துகிறாள்.)
அம்மா: வேணாம் அத்தை.

"எந்த வரியில் உங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது?" என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. "இதன் உணர்வு என்ன?" என்று கேட்காதீர்கள், அச்சம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வரியைக் கேட்டால் தேடுவார்கள். ஒருத்தி "சாப்பிடுன்னு சொன்னேன்" என்பாள், இன்னொருவன் "வேணாம் அத்தை" என்பான், சண்டை போடட்டும், விடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக எடுங்கள். கிளாஸ் மூன்று என்று மகன் சொன்னதற்கு அம்மா பதிலே சொல்லவில்லை, சோற்றைப் பற்றிப் பேசுகிறாள். ஏன்? மகன் "அப்பா" என்ற சொல்லை எடுத்ததும் அவள் குரல் ஏன் கடுமையாகிறது? பாட்டி சொல்ல வந்தது என்ன? 1960 பிப்ரவரியில் கரோல் புயல் இந்தத் தீவில் ஆயிரக்கணக்கான வீடுகளைத் தரைமட்டமாக்கியதை இங்கே எல்லாக் குடும்பமும் வழிவழியாகப் பேசிவருகிறது, அதனால் தாத்தாவுக்கு என்ன ஆனது என்று நாடகம் சொல்லவே வேண்டாம், கேட்பவர்களே அந்த வாக்கியத்தை முடித்துக்கொள்வார்கள். பயம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கடைசியில் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவது எழுத்தும் அதே இரவு, அதே கவலை:

மகன்: பின் ஜன்னல் போட்டாச்சு, பக்கத்து ரூம் போட்டாச்சு, கோழிக்கூண்டைக் கட்டியாச்சு, இனி மூட வேண்டியது பாட்டி வாய் மட்டும்தான்.
பாட்டி: அடி விழும் படவா!
மகன்: கரோல் கதையை ஆரம்பிச்சீங்கன்னா நான் போய் மழையிலேயே நின்னுக்கறேன்.
பாட்டி: நில்லு. காத்து உன்னைத் தூக்கி ரோட்ரிக்ஸ் தீவுல போட்டுடும், அங்கே போய் ஆக்டோபஸ் காயப்போடு.
அம்மா: மணி என்ன ஆச்சு?

நாலு வரி சிரிப்பு, ஐந்தாவது வரியில் மேடை திரும்பிவிடுகிறது. "மணி என்ன ஆச்சு?" என்பது எந்த வீட்டிலும் நாளுக்குப் பத்து முறை கேட்கிற சாதாரணக் கேள்வி. அதற்கு முன்னால் இருவர் சிரித்துக்கொண்டிருந்ததாலும், அவள் அந்தச் சிரிப்பில் சேரவில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைப்பதாலும் அந்த வரிக்கு அவ்வளவு கனம். இந்த வரியை முதலில் வைத்தும், நடுவில் வைத்தும் படிக்கச் சொல்லுங்கள். கனம் குறைவது காதிலேயே தெரியும். வரி எது என்பதைப் போலவே அது எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம் என்று இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

கிரியோலில் தொடங்குங்கள்

இதில் பல ஆசிரியர்களுக்குத் தயக்கம் இருக்கிறது, எனக்கு இல்லை. நம் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி கிரியோல். தமிழை அவர்கள் புத்தகத்தில் பார்க்கிறார்கள், அதனால் அவர்கள் எழுதும் அம்மா "உன் தந்தை இன்னும் வரவில்லையே" என்று பாடநூல் போலப் பேசுகிறாள். எந்த அம்மாவும் புயல் இரவில் அப்படிப் பேச மாட்டாள் என்பது அவர்களுக்கே தெரியும், மாற்று தெரியாததால் எழுதுகிறார்கள்.

ஆகவே காட்சியை முதலில் கிரியோலில் நடித்துக் காட்டச் சொல்லுங்கள், எழுதாமல், வாய்க்கு வந்தபடி. எங்கே குரல் தாழ்கிறது, எங்கே ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டுகிறார், எங்கே யாரும் பேசாமல் இருக்கிறார்கள் என்பதை மற்றவர்கள் குறித்துக்கொள்ளட்டும். "ஆயோ" என்பது கிரியோலிலும் எல்லார் வாயிலும் இருப்பதால் அதை வைத்து ஒரு சின்னப் பயிற்சியும் செய்யலாம்: கண்ணாடி உடைந்தபோது ஒரு ஆயோ, குழந்தையைக் கொஞ்சும்போது ஒன்று, கெட்ட செய்தி கேட்டபோது ஒன்று, சலித்துப்போய் ஒன்று. அதன் பிறகு அதே காட்சியைத் தமிழில் எழுதும்போது, குறித்துவைத்த வெட்டுகளும் நிறுத்தங்களும் அதே இடத்தில் வர வேண்டும் என்பது மட்டும்தான் விதி. சொல் தெரியாவிட்டால் உங்களைக் கேட்கட்டும், நீங்கள் பேச்சுத் தமிழ்ச் சொல்லைக் கொடுங்கள்: "போட்டாச்சு", "வரட்டும்", "வேணாம்". தேர்வுக் கட்டுரையில் இப்படி எழுதினால் மதிப்பெண் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் உங்கள் சக ஆசிரியர் உங்களைத் தேடி வருவார்.

தமிழ் கொடுக்கும் கருவிகள்

தமிழ் வசனத்தில் உணர்வை மாற்ற நம்மிடம் இருக்கும் கருவிகள் மிகவும் கூர்மையானவை, சிறியவையும்கூட. முதலாவது, ஆளைக் குறிப்பிடும் முறை. அம்மா மகனிடம் பேசும் இந்த மூன்று வரிகளைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்:

அப்பா இன்னும் வரல.
உங்கப்பா இன்னும் வரல.
அவர் இன்னும் வரல.

முதல் வரியில் அம்மாவும் மகனும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். இரண்டாவதில் அவள் கணவனை மகன் பக்கம் தள்ளிவிட்டுத் தான் தனியாக நிற்கிறாள், ஏதோ கோபம் இருக்கிறது. மூன்றாவது வரியை அவள் மகனிடம் சொல்வதாகவே தோன்றவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருக்கிறது. மாறியது ஒரே சொல். மரியாதைப் பன்மையையும் இப்படியே காட்டுங்கள்: வழக்கமாக "வாடா" என்று கூப்பிடும் மகனை ஒருநாள் "வாங்க துரை, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றால் பையனுக்கு வியர்த்துவிடும். கிரியோலில் "தோ", "ஊ" என்றும் பிரெஞ்சில் "து", "வூ" என்றும் ஆளுக்கேற்ப மாற்றிப் பேசிப் பழகிய பிள்ளைகள் இவர்கள், இதை நொடியில் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, சொல்லின் வாலில் ஒட்டும் சின்ன அசைகள். "நீ வந்தே" என்ற வரியை எடுத்து, ஒரு பிள்ளை வாசலில் வந்து நிற்கட்டும், இன்னொரு பிள்ளை ஒவ்வொன்றாகச் சொல்லட்டும்: நீயா வந்தே? நீயுமா வந்தே? நீதான் வந்தியா? நீயாவது வந்தியே. ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் சுவரில் இருக்கும் எட்டுப் பெயரில் ஒன்றையோ இரண்டையோ சொல்ல வேண்டும். "நீயாவது வந்தியே" என்பதற்கு உவகை என்று கை தூக்குபவர்களும் அழுகை என்று கை தூக்குபவர்களும் இருப்பார்கள், இருவரும் சொல்வது சரி, வராமல் போன இன்னொருவர் அந்த ஒரே அசைக்குள் இருக்கிறார். இந்தப் பயிற்சி இலக்கண வகுப்பில் ஒரு மாதம் இடைச்சொல் நடத்துவதைவிட மேலானது என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது, நீளம். எல்லாரும் ஒரே அளவு பேசினால் காட்சி தட்டையாகிவிடும். சின்னச் சின்ன வரிகளாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் ஒருவர் திடீரென்று ஆறு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினால், அவர் உடைந்துவிட்டார் என்று அரங்கம் உணரும். அதேபோல வளவளவென்று பேசிக்கொண்டிருந்த பாட்டி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லத் தொடங்கினால் ஏதோ நடந்துவிட்டது. பிள்ளைகள் எழுதிய தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், படிக்க வேண்டாம், வரிகளின் நீளத்தை மட்டும் பார்க்கட்டும்.

மௌனத்தை அவர்கள் மூன்று புள்ளியாகத்தான் எழுதுவார்கள், எல்லா வரியிலும் எழுதுவார்கள். ஒரு காட்சிக்கு ஒரு மௌனம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். யாருடைய மௌனம் என்பதையும் எழுத வேண்டும். "அமைதி" என்று பொதுவாக எழுதினால் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "பாட்டி நிறுத்துகிறாள்" என்று எழுதினால் பாட்டிக்கு ஒரு வேலை இருக்கிறது, அம்மாவுக்கு அவளைப் பார்க்கிற வேலை இருக்கிறது.

எழுத வைப்பது

இப்போது பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து பத்து வரி எழுதட்டும். இந்தச் சொற்களுக்குத் தடை: பயம், கவலை, சோகம், கோபம், சந்தோஷம், கடவுளே. தடை போட்டதும் முனகுவார்கள், கொஞ்ச நேரத்தில் பாத்திரங்களின் கைக்கு ஏதாவது வேலை கொடுத்துவிடுவார்கள், அரிசி பொறுக்குவது, சட்டை மடிப்பது, மெழுகுவர்த்தி தேடுவது. அது சரியான திசை, உற்சாகப்படுத்துங்கள். கையில் வேலை இருக்கும்போது வசனம் அந்த வேலையைப் பற்றியதாகிவிடும், உணர்வு அடியில் ஓடும்.

கதைக்குத் திணறுபவர்களுக்கு நம்மூர்ச் சூழலைக் கொடுங்கள்: காவடிக்கு முந்தின நாள், விரதம் இருந்த அண்ணன் திடீரென்று காவடி எடுக்க மாட்டேன் என்கிறான். மகள் பிரான்சுக்குப் படிக்கக் கிளம்புகிற காலை, பெட்டி எடை கூடிவிட்டது, எதை எடுத்து வெளியே வைப்பது. ஏழு கறிச் சாப்பாட்டுக்கு வாழையிலை போட்டாயிற்று, வர வேண்டிய சித்தப்பா வரவில்லை, அவர் பேரை யாரும் எடுப்பதில்லை. ஒவ்வொன்றையும் நகையாகவும் எழுதலாம், அழுகையாகவும் எழுதலாம், ஒரே சூழலை இரண்டு ஜோடிக்குக் கொடுத்து வேறு வேறு உணர்வில் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. பஸ்ஸில் வரும்போது காதில் விழும் பேச்சில் இரண்டு மூன்று வரியை, யார் பேசியது என்ற அடையாளம் எதுவும் இல்லாமல், நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ரோஸ்ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸ் போவதற்குள் நல்ல வசனத்துக்குப் பஞ்சமே இருக்காது.

படிக்கும்போது முகத்தை வைத்து ஏமாற்றுவார்கள், அதாவது வசனத்தில் இல்லாததை அழுத முகத்தால் ஈடுகட்டப் பார்ப்பார்கள். முதுகுக்கு முதுகு ஒட்டி உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள், அப்போது சொல்லும் குரலும் மட்டும்தான் மிஞ்சும். இந்தக் கட்டத்தில் இசைக்கும் விளக்குக்கும் இடமே இல்லை. வெறுமனே படித்தாலே உணர்வு வருகிறது என்று உறுதியான பிறகு, வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், பல காட்சிகளுக்கு வேண்டியிருக்காது. கலை பண்பாட்டு அமைச்சின் நாடகப் போட்டிக்குத் தயார் செய்பவர்களுக்கும் என் யோசனை இதுதான்.

பெரிய வகுப்புகளுக்கு: வழக்குரை காதை

பத்தாம், பதினோராம் கிரேடு பிள்ளைகள் என்றால் சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைக்கும் பகுதியை அவசியம் எடுங்கள். பொருள் சொல்லி, பதவுரை எழுதிக்கொடுத்து முடித்துவிடாமல், நாடக வசனமாகப் படியுங்கள். வாசலில் அவள் "வாயிலோயே வாயிலோயே" என்று காவலனை இரண்டு முறை விளிக்கிறாள், அப்புறம் அரசனின் முறை பிழைத்ததைச் சொல்லி மறுபடியும் "வாயிலோயே" என்கிறாள். உள்ளே வந்தவளை யாரென்று கேட்கும்போது அரசனின் குரல் மென்மையாகத்தான் இருக்கிறது: "யாரையோ நீ மடக்கொடியோய்". அதற்கு அவள் தொடங்கும் தொடக்கம் "தேரா மன்னா". அரசே என்றோ வேந்தே என்றோ அவை எதிர்பார்த்திருக்கும், ஆராயாத மன்னனே என்று வந்து விழுகிறது. முன்பு "உங்கப்பா" என்ற ஒரே சொல்லில் செய்ததை இங்கே ஒரு விளியில் செய்திருக்கிறார் இளங்கோ.

அப்புறம் அரசன் தன் நியாயத்தைத் தெளிவாகச் சொல்கிறான், கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று. நிதானமான பேச்சு, பயமே இல்லை. சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்று வந்ததும் பேச்சு குறுகுகிறது, "தருக" என்று ஒற்றைச் சொல்லில் சிலம்பைக் கேட்கிறான். சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. அப்போது வரும் வரி: "யானோ அரசன் யானே கள்வன்". அந்த ஓகாரத்தையும் ஏகாரத்தையும் எடுத்துவிட்டு "யான் அரசன் யான் கள்வன்" என்று ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு இருக்கிறபடி இன்னொரு பிள்ளை படிக்கட்டும். "நீயாவது வந்தியே" பயிற்சி செய்தவர்கள் என்றால் நீங்கள் வாய் திறக்க வேண்டியதே இல்லை.

சரிபார்ப்பது

மதிப்பெண் போடுவதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஜோடியும் தங்கள் காட்சியில் எந்த உணர்வை எண்ணினார்கள், எந்த வரியில் அது திரும்புகிறது என்பதை ஒரு தாளில் எழுதி மடித்து உங்களிடம் கொடுக்கட்டும். பிறகு வகுப்பின் முன் படிக்கட்டும். கேட்பவர்கள் துண்டுச் சீட்டில் இரண்டே விஷயம் எழுதுவார்கள்: எனக்கு என்ன தோன்றியது, எந்த வரியில் தோன்றியது. சீட்டுகளையும் மடித்த தாளையும் அந்த ஜோடியிடமே கொடுத்துவிடுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் வேலை.

எண்ணியது அச்சம், சீட்டுகளில் பாதி நகை என்று வந்தால் உடனே முழுக் காட்சியையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்குவார்கள். விடாதீர்கள். சீட்டில் அதிகம் பேர் குறிப்பிட்ட அந்த ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டும், அதிகபட்சம் இரண்டு. விளியை மாற்றிப் பார்க்கட்டும், வரியைச் சுருக்கிப் பார்க்கட்டும், இடம் மாற்றி வைத்துப் பார்க்கட்டும். உங்கள் சிவப்புப் பேனாவால் திருத்தமான வரியை எழுதிக்கொடுக்கும் ஆசை வரும், அதை அடக்கிக்கொண்டு "இங்கே எனக்குச் சிரிப்பு வந்தது" என்று மட்டும் ஓரத்தில் எழுதுங்கள். திருத்திய காட்சியை அடுத்த வாரம் வேறொரு வகுப்பின் முன் படிக்க ஏற்பாடு செய்யுங்கள், ஏனென்றால் முதலில் கேட்டவர்களுக்குக் கதை தெரிந்துபோயிருக்கும், அவர்கள் சீட்டை இனி நம்ப முடியாது.